அறுந்துகொண்டே இருந்த நூல்

கொழும்பிலிருந்து என் கணவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது கொண்டுவந்த பெரிய சாமான் ஒரு தையல் மிஷின்தான். சிறுவனாகப் போனவர் புறக்கோட்டையில் ஒரு பூவேலைக் கடையில் வேலை கற்று, அங்கேயே தங்கிவிட்டார். ஊருக்கு வந்து என்னைக் கட்டிய பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போவதாகத்தான் இருந்தது. பிறகு அங்கே குடியுரிமை, பெர்மிட் என்று நெருக்கடி வந்தது. இந்தியாக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடை மூடியபோது தான் உட்கார்ந்து தைத்த மிஷினையே முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தனுஷ்கோடியில் கப்பலிலிருந்து இறக்கி ரயிலில் ஏற்றி, பாம்பன் ஸ்டேஷனிலிருந்து வீடுவரை மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். கூடவே நடந்து வந்தவர் என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "வாசல் நெலையில தட்டாமப் பாத்துக்க" என்பதுதான்.

அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் ஒருவருக்குத்தான் வலை பிடிக்கத் தெரியாது. அதைப் பற்றி வீட்டில் கேலி உண்டு. எங்கள் வேதக்கோயில் பீடத்துக்கு வெள்ளைத் துணியில் திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிரும் தைத்துக் கொடுத்த பிறகு கேலி நின்றது. பங்குச் சாமியார் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையால் தைத்ததா மிஷினில் தைத்ததா என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. சட்டை தைக்கிற மிஷினில் துணியை மிஷினே தள்ளிக்கொண்டு போகும். பூவேலைக்கு அப்படியில்லை. துணியைத் தள்ளுகிற பல்லைக் கீழே இறக்கிவிடுவார். அழுத்திப் பிடிக்கிற காலைக் கழற்றிவிடுவார். மரவளையத்தில் துணியை இழுத்து மாட்டி, கால் மிதிக்க மிதிக்க இரண்டு கையாலும் வளையத்தை நகர்த்துவார். ஊசி இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். இதழின் வளைவும் இலையின் நுனியும் கை போகிற போக்கில் விழும். நான் அடிநூலுக்குப் பாபினில் நூல் சுற்றுவேன். ஊசியால் குத்திய தாளைத் துணிமேல் வைத்து, நீலப்பொடி தடவி டிசைனை இறக்கிக் கொடுப்பேன். என்னுடைய வேலை அத்தோடு சரி.

நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கீழக்கரையிலிருந்து ஒரு கல்யாண வேலை வந்தது. சங்கு வியாபாரம் செய்கிற வீடு. பெண்கள் இருக்கிற பக்கத்துக்கு நான் மட்டும் போய்ப் பேசினேன். மணப்பெண்ணின் தாயார் ரோஸ் நிற சாட்டின் துணியை என் மடியில் வைத்தார்.

"தங்கச்சி, கட்டிலுக்கு மேக்கட்டி. நாலு மூலையிலயும் பூ வரணும். கொழும்புல எங்க மாமி வீட்டுல ஒண்ணு பாத்தேன், இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்கிது. இன்ஷா அல்லா, நோம்பு முடியவும் புள்ளைக்கு நிக்காஹ்."

முதல் மூலை அழகாக வந்தது. ரோஜாவும் மொட்டுமாகக் கொத்து. இரண்டாவது மூலையில் கை வைத்த அன்று நூல் அறுந்தது. நூல் அறுவது ஒரு பெரிய விஷயமில்லை. கோத்துக்கொண்டு தொடர்ந்தார். ஒரு இதழ் முடிவதற்குள் மறுபடி அறுந்தது. அன்று முழுக்க அப்படியே.

"நூல்தான். கடக்காத்து பட்டு இத்துப்போச்சு" என்றார்.

நூல்கண்டுகளை வெயிலில் காயவைத்து, அடுப்புக்கரி போட்ட தகர டப்பாவில் மூடி வைத்தேன். மதுரையிலிருந்து புதுப் பட்டுநூல் வரவழைத்தார். அதுவும் அறுந்தது.

அடுத்து டென்ஷனைப் பிரித்தார். நூலைக் கவ்வுகிற இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே துருப்பொட்டு இருந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து மாட்டினார். திருகைத் தளர்த்தினால் துணிக்கு அடியில் நூல் முடிச்சு முடிச்சாகச் சேர்ந்தது. இறுக்கினால் மேல்நூல் அறுந்தது. பாபின் பெட்டியின் சின்னத் திருகை அரைக்கால் சுற்று அப்படியும் இப்படியும் வைத்துப் பார்த்தார். ஊசியை மாற்றினார். ஊசியும் ஒடிய ஆரம்பித்தது.

ஊசி இறங்குகிற தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. துளையைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகக் கீறல்கள். நூல் அதில் உரசித்தான் பிய்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். உப்புத்தாளைத் திரித்துத் துளைக்குள் விட்டு வழவழப்பாக்கினார். மறுநாள் சாயங்காலம்வரை நூல் நின்றது. அதற்கடுத்த நாள் துளையைச் சுற்றிப் புதிய கீறல்கள்.

"ஊசி தகட்டுல இடிக்கிது. எங்கனயோ ஆட்டம் இருக்கு. எங்கனன்னுதான் தெரியல" என்றார்.

ராமநாதபுரத்திலிருந்து மிஷின் ரிப்பேர் செய்கிறவரைக் கூட்டிவந்தோம். அவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், ஊசித்தண்டை ஆட்டிப் பார்த்தார், ஒரு துண்டுத் துணியைப் போட்டு ஓட்டினார். "அண்ணே, மிஷின்ல ஒண்ணுமே இல்ல. தங்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. சட்டை தைக்கிற மிஷினைப் பார்க்கிறவனுக்குப் பூவேலை மிஷினைப் பற்றி என்ன தெரியும் என்று ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் நல்ல மிஷின் எண்ணெய் கிடைக்கும் என்று ஒரு நாள் காலையில் கிளம்பிப் போனார். வீட்டில் வேறு வேலை இல்லை. வளையத்தில் ஒரு பழந்துணியை மாட்டி நான் உட்கார்ந்தேன். எனக்குப் பூ போட வராது. சும்மா மேலும் கீழும் கோடு இழுத்தேன். நூல் அறவில்லை. வேகமாக மிதித்தேன். அப்போதும் அறவில்லை. பாபின் நூல் தீரும்வரை ஓட்டினேன். எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரித்திருப்பேன்.

மத்தியானம் அவர் வந்ததும் வாசலிலேயே சொன்னேன். "ஏங்க, சரியாப் போச்சு. ஒரு தடவகூட அறல. வந்து பாருங்க."

எண்ணெய்ப் புட்டியை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். மிதித்தார். கொஞ்ச நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம், நூல் அறுந்தது. இத்தனை நாளும் நான் ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அவர் கையைப் பார்த்தேன். வளையத்தின்மேல் அவருடைய வலது கட்டைவிரல் துடித்துக்கொண்டிருந்தது. ஊசி துணிக்குள் இறங்கியிருக்கிற கணத்தில் அந்தத் துடிப்பு வளையத்தை இழுத்தது. ஊசி வளைந்து தகட்டில் இடித்தது. அவ்வளவுதான் காரணம்.

 நான் எதைப் பார்க்கிறேன் என்று அவர் பார்த்துவிட்டார். கையை எடுத்துத் தொடைமேல் வைத்தார். அங்கேயும் அது நடுங்கியது.

"எப்ப இருந்துங்க?"

"மழக்காலத்துல இருந்தே இருக்கு" என்றார். "குளிருன்னு நெனச்சேன்."

மேற்கட்டியை முடித்தாக வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுக்க நான் தைத்துப் பார்த்தேன். "இங்கன சுத்து... மெதுவா... இப்பத் திருப்பு." நூல் அறவில்லை. ஆனால் இரண்டாவது மூலையில் என் கையிலிருந்து வந்தது ரோஜா இல்லை. நண்டு காலை விரித்துக் கிடப்பதுபோல இருந்தது. அவர் திட்டவில்லை. "பிரிச்சிரு" என்று மட்டும் சொன்னார். பிரித்தேன். சாட்டினில் தையலைப் பிரித்தாலும் ஊசி குத்திய துளைகள் போகாது. அந்த மூலை முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. அதற்குமேல் துணியைத் தொட எங்களுக்குத் தைரியம் இல்லை.

நான்தான் கீழக்கரைக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மா துணியை விரித்துப் பார்த்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"அவுகளுக்கு மேலுக்கு முடியலயா?"

"கை நடுங்குதும்மா."

"யா அல்லா" என்றார். முடிந்த மூலையை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார். "இத மட்டும் வெட்டி ஒரு தலகாணிக்குப் போட்டுக்கறேன். நீ போ தங்கச்சி, வண்டியத் தவற விட்டுறாத."

ராமநாதபுரத்தில் டாக்டரிடம் காட்டினோம். நரம்பு சம்பந்தப்பட்டது, குறைய வழியில்லை, போகப் போகக் கூடும் என்றார். "மிஷின் வேல பாக்கலாமுங்களா?" என்று இவர் கேட்டார். டாக்டர் "முடியிறவரைக்கும் பாருங்க" என்றார். ஓரியூருக்குப் போய், புனிதரின் ரத்தம் விழுந்ததாகச் சொல்கிற செம்மண்ணை எடுத்துவந்து தினமும் கையில் பூசினோம். நடுக்கம் கூடத்தான் செய்தது.

நான் மிஷினில் பல்லை மேலே ஏற்றி, காலை மாட்டி, உள்பாவாடையும் ஊர்ப் பையன்களின் கால்சட்டையும் தைக்க ஆரம்பித்தேன். அதில் வீடு ஓடியது. நான் தண்ணீருக்குப் போயிருக்கிற நேரத்தில் அவர் மிஷினிடம் வந்து டென்ஷன் திருகைத் தளர்த்தி வைத்துவிடுவார். பூவேலைக்கு அப்படித்தான் வைக்க வேண்டும். வந்து தைத்தால் அடியில் நூல் தொங்கும். ஏன் என்று கேட்காமல் இறுக்கிக்கொள்வேன். மறுநாள் மறுபடி தளர்ந்திருக்கும்.

நடுக்கம் இடது கைக்கு வந்தது. பிறகு தாடைக்கு வந்தது. பூசையில் சாமியார் கொடுக்கிற நன்மை அப்பத்தை வாங்க நாக்கை நீட்ட முடியவில்லை என்று கோயிலில் கடைசி வரிசையிலேயே நின்றுவிட்டுத் திரும்புவார். சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடும்போது முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒரு நாள் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண் தன் குழந்தையின் ஞானஸ்நானச் சட்டையோடு வந்தாள். கழுத்தோரம் மூன்று சின்னப் பூ போதும் என்றாள். இப்போது அந்த வேலை செய்வதில்லை என்று நான் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "நாளைக்கு வந்து வாங்கிக்கச் சொல்லு."

அந்தக் குரலில் வெகுநாளாக இல்லாத ஒரு தெம்பு இருந்தது. என்னால் மறுக்க முடியவில்லை. சட்டையை வாங்கி வைத்தேன். காலையில் பல்லை இறக்கி, வெள்ளை நூலைக் கோத்து, சட்டைக் கழுத்தை வளையத்தில் மாட்டிக் கொடுத்தேன். அவர் தலை வாரி வந்து உட்கார்ந்தார். வளையத்தைப் பிடிக்கக் கையைத் தூக்கினார். கை பலகையின் விளிம்பில் தட்டித் தட்டி நின்றது, மேலே ஏறவில்லை. நான் தூக்கி வைத்தேன். வளையம் ஊசிக்கடியில் கடகடவென்று ஆடியது. கால் மிதிக்கவே இல்லை.

"எடுத்துரு" என்றார்.

வளையத்தைக் கழற்றி, துணியில் விழுந்த வட்டத் தடத்தைத் தண்ணீர் தெளித்துத் தேய்த்து, அந்தப் பெண் வந்ததும் சட்டையை அப்படியே கொடுத்தேன். அவள் கழுத்தோரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மடித்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தவரை மிஷின் முன்னால் இருந்த முக்காலியில் உட்காரவில்லை.