மரத்த கை

மோகனூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் எங்கே வெல்லம் காய்ச்சினாலும் செங்கோடனைத்தான் கூப்பிடுவார்கள். கொப்பரையில் கொதிக்கும் பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று சொல்வது அவர் வேலை. வலது கையைத் தண்ணீரில் நனைத்து, பாகில் துளி எடுத்து, மறுபடி தண்ணீருக்குள் விட்டு உருட்டிப் பார்ப்பார். அவர் “எறக்கு” என்றால்தான் இறக்குவார்கள். அந்த ஒரு சொல்லுக்குத் தோட்டக்காரப் பண்ணாடி சென்னிமலையும் கட்டுப்பட்டவர். செங்கோடனுக்கு அதில் மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின மாசியில், அவருடைய வலது ஆள்காட்டி விரலில் நகச்சுற்று வந்து சீழ் கோத்துக்கொண்டது. எலுமிச்சம்பழத்தைச் செருகிப் பார்த்தும் அடங்கவில்லை. மனைவி ஆராயி பிடித்த பிடியில் நாமக்கல்லுக்கு பஸ் ஏறினார். கீறும்போது கடித்துக்கொள்ளத் துண்டு எடுத்துப் போயிருந்தார். அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. டாக்டர் மணிக்கட்டில் ஊசி போட்டார். சற்று நேரத்தில் கை கட்டையாக மரத்துவிட்டது. கீறிச் சீழெடுத்துக் கட்டும் வரை, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலச் செங்கோடன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொழுது சாயற வரைக்கும் வலி தெரியாது, சூடும் தெரியாது. அதுவரைக்கும் இந்தக் கையை எதுக்கும் நம்பாதே” என்றார் டாக்டர்.

மனுஷன் காதில் விழுந்தது வலி தெரியாது என்பது மட்டும்தான். நேரே பண்ணாடியின் வெல்லக் கொட்டகைக்கு வந்தார். கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. இடது கை பாகில் படக் கூடாது. முதல் வெல்லம் நாவலடிக் கருப்பனார் கோயிலுக்குப் போவது. அடுப்புக்குக் கரும்புச் சக்கை தள்ளிக்கொண்டிருந்த ஆராயி, அவருக்கு மட்டும் கேட்கும்படி, “ஏனுங்க, நான் பாக்கட்டுங்களா?” என்றாள். பெண்பிள்ளை பார்க்கிற பதமா இது என்று அவர் முறைத்துவிட்டு, கட்டுப் போட்ட விரலை மடக்கிக்கொண்டு மற்ற விரல்களால் துளி எடுத்து உருட்டினார்.

விரலில் ஒன்றும் தட்டவில்லை. இன்னும் இளகலாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தார்; அப்போதும் அப்படித்தான். அடுத்த தடவை கை பாகிலேயே நின்றது. ஆராயி ஓடிவந்து இழுத்தபோது கட்டைவிரலும் நடுவிரலும் கொப்புளித்திருந்தன. பாகு கருகி நாறியது. பண்ணாடி வந்து கொப்பரையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பாகைக் குப்பைக் குழியில் கொட்டச் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது செங்கோடனுக்கு.

சாயங்காலம் கீறிய வலியும் வெந்த வலியும் சேர்ந்து வந்தன. கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். வலிக்கிறதா என்று ஆராயி கேட்டாள்.

“வலிக்கட்டும். என்ற கை எனக்கு வந்திருச்சு.”

பாதிதான் வந்தது. புண் ஆறிய இடத்தில் தோல் தடித்துப்போய்விட்டது. அடுத்த தையில் முதல் கொப்பரை ஏறியபோது, துளியை உருட்டியபடி வெகுநேரம் நின்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், ஆராயி கையிலிருந்த சக்கையை வாங்கிக்கொண்டார்.

“நீ போய்ப் பாரு.”

அவள் கையைக் கழுவி வந்து உருட்டிப் பார்த்தாள்.

“எறக்குங்க” என்றாள்.

யாரும் அசையவில்லை. பண்ணாடிகூடச் செங்கோடன் பக்கம்தான் திரும்பினார். செங்கோடன் தலை நிமிராமல், தீயைத் தணிக்க அடுப்பிலிருந்த சக்கையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

“அவதான் சொல்லீட்டாளேங்க” என்றார்.