ஆறரை மணிக்கு மேல் சாப்பாடு இல்லை

இரண்டு இரவு, மூன்று பகல். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, நடுக்கடல்வரை போய்விட்டு அதே துறைமுகத்தில் வந்து இறங்க வேண்டும். சொகுசுக் கப்பல் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்காக என் கணவர் இதை ஏற்பாடு செய்தார். எந்த ஊருக்கும் போகாத பயணத்துக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று முதலில் முனகினேன். பிறகு விளம்பரத்தில் ஒரு படத்தைப் பார்த்தேன். வெள்ளைத் துணி விரித்த மேஜை முன்னால் கிட்டத்தட்ட என் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் குனிந்து, ஆவி பறக்க ஏதோ ஒன்றை அவள் தட்டில் வைக்கிறார். என் முனகல் அதோடு நின்றது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் இருபத்தொன்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அதைவிட அதிக வருஷம் சமைத்தேன். பரிமாறுகிறவள் கடைசியில்தான் உட்கார வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் சட்டம் போடவில்லை. மாமனார், மாமியார், கணவர், இரண்டு பெண்கள் என்று ஒவ்வொருவராகச் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் உட்காருவேன், அவ்வளவுதான். அப்போது சாதம் கையைச் சுடாது. ரசத்தில் அடிமண்டி மட்டும் மிஞ்சியிருக்கும். மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்து, பெண்களும் கல்யாணமாகிப் போன பிறகு ஆள்தான் குறைந்தது, வழக்கம் குறையவில்லை. ஆகவே அந்தக் கப்பலில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. யாராவது ஒருவர் சுடச்சுடச் சாப்பாட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் நான் சாப்பிட வேண்டும். நீச்சல்குளம், நடனம், கச்சேரி எல்லாவற்றையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

முன்பதிவுப் படிவத்தைக் கணவர் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தார். உணவு என்ற இடத்தில் அசைவம், சைவம், ஜெயின் என்று மூன்றுதான் இருந்தன.

"சைவம்னு போட்டுடட்டுமா?"

"சைவம்னா வெங்காயம், பூண்டு எல்லாம் போடுவா. ஜெயின்னு போடுங்கோ. வம்பே இல்ல."

இது என் பழைய தந்திரம். எங்கள் வீட்டுச் சமையலில் வெங்காயமும் பூண்டும் கிடையாது. கணவருக்கு வெளியில் எல்லாம் செல்லும். பெசன்ட் நகர் கடற்கரையில் வெங்காய பஜ்ஜியை என் கண் முன்னாலேயே சாப்பிடுவார். எனக்குத்தான் அந்த வாசனை ஆகாது. அடையாறிலோ தி.நகரிலோ எந்த ஓட்டலுக்குப் போனாலும், வெங்காயம் வேண்டாம், பூண்டு வேண்டாம், கிரேவியிலும் வேண்டாம் என்று நீட்டி முழக்காமல் 'ஜெயின்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். சர்வர் தலையாட்டிவிட்டுப் போவார். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஓட்டலுக்குள் நுழைந்ததும் இப்படி ஜெயின் ஆகிவிடுகிறவர்கள்தான். இதுவரை யாரும் யாரையும் குறுக்கு விசாரணை செய்ததில்லை.

துறைமுகத்துக்கு எங்களை அழைத்துப் போன ஆட்டோக்காரர், "கப்பல்லயா போறீங்க? உள்ள சோறெல்லாம் நல்லா கீதாமா?" என்று கேட்டார்.

"அதுக்குத்தான்பா போறேன்" என்றேன்.

கப்பலில் ஏறும்போது எங்கள் மணிக்கட்டில் பச்சைப் பட்டை ஒன்றை மாட்டினார்கள். மற்றவர்களுக்கு நீலம், சிவப்பு. அறைக்குள் போனால் கட்டில் மேல் வெள்ளைத் துண்டை யானை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். யானையைப் படம் எடுத்து இரண்டு பெண்களுக்கும் அனுப்பினோம். யானைக்கு அடியில் ஒரு காகிதம் இருந்தது. சாப்பாட்டு நேரங்களைப் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த காகிதம் அது. நாங்கள் அதைப் படிக்கவில்லை. மேல்தளத்துக்குப் போய், கரை நகர்வதையும் கடற்கரைச் சாலை விளக்குகள் எரியத் தொடங்குவதையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம்.

எட்டு மணிக்குப் பாண்டி பஜாரில் வாங்கிய புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு கணவரோடு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். வெள்ளைத் துணி விரித்த மேஜை. உட்கார்ந்தேன். கறுப்புக் கோட்டு போட்ட சூப்பர்வைசர் ஒருவர் வந்து என் மணிக்கட்டைப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். முகம் வாடிவிட்டது அவருக்கு.

"அம்மா, உங்க டின்னர் அஞ்சரைலேர்ந்து ஆறரை வரைக்கும்தான். முடிஞ்சிடுச்சே."

"ஆறரைக்கு யாருப்பா ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவா?"

"ஜெயின் சாப்பாடும்மா. சூரியன் மறையறதுக்குள்ள முடிச்சுடணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாங்கள் ஜெயின் இல்லை, வெங்காயத்துக்குப் பயந்து அப்படிப் போட்டோம் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"சங்கடப்படாதீங்கம்மா. பசியில நிறைய பேர் இப்படித்தான் சொல்லுவாங்க. அப்புறம் ஊருக்குப் போய், எங்க விரதத்தைக் கெடுத்துட்டாங்கன்னு எழுதிடுவாங்க. அதுல எங்க ஆள் ஒருத்தருக்கு வேலையே போச்சு."

"சரி, ஒரு வாழைப்பழமாவது குடுங்கோ."

"ராத்திரி ஆயிடுச்சேம்மா."

மூக்குக்கு மேல் கோபம் வந்தது எனக்கு. என் விரதத்தை என்னிடமிருந்தே காப்பாற்றுகிறாராம். என் பட்டையைச் சைவத்துக்கு மாற்றலாம், ஆனால் சைவத்தில் பூண்டு இல்லாத பதார்த்தம் கிடையாது; தனியாகச் சமைத்துத் தர வேண்டுமென்றால் விருந்தினர் சேவைப் பிரிவில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதைக் காலையில்தான் திறப்பார்கள் என்றார். என் கணவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்னோடத மட்டும் சைவத்துக்கு மாத்திடுங்கோ. எனக்கு வெங்காயம் செல்லும்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டியே?" என்றார்.

"சாப்பிடுங்கோ" என்றேன். வேறு என்ன சொல்ல?

இரண்டே நிமிஷத்தில் அவர் கைக்கு நீலப் பட்டை வந்தது. அடுத்த ஐந்தாவது நிமிஷத்தில் கறுப்புக் கோட்டு குனிந்து, ஆவி பறக்க, அவர் முன்னால் சூப்பை வைத்தது. நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அறைக்குத் திரும்பி, டீத் தட்டில் வைத்திருந்த இரண்டு பிஸ்கட்டுகளைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் முதல் ஆளாக விருந்தினர் சேவைப் பிரிவில் போய் நின்றேன். அங்கிருந்த பெண் சிரித்த முகம் மாறாமல் எல்லாவற்றையும் தட்டெழுதிக்கொண்டாள். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஏற்பாடு செய்துவிடுவோம் என்றாள். நாளைக் காலை ஏழு மணிக்குக் கப்பல் கரை சேர்ந்துவிடும், இப்போது மணி எட்டு, அப்படியானால் நான் இறங்கி ஒரு மணி நேரம் கழித்து எனக்குச் சாப்பாடு வரும், இல்லையா என்று கேட்டேன். கணக்கு டீச்சரிடமே இந்தக் கணக்கு. அவள் அதற்கும் சிரித்தாள். சுவரோடு பேசியிருந்தால்கூடச் சுவர் சிரித்திருக்காது.

காலைச் சாப்பாட்டுக்கு, அறை எண் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிய தட்டு ஒன்று எனக்காகக் காத்திருந்தது. மசாலா தோசை. ஜெயின் சாப்பாட்டில் கிழங்கு கூடாது என்பதால் உருளைக்கிழங்கு இல்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே கொஞ்சம் பச்சைப் பட்டாணி. எத்தனை மணிக்குச் சுட்டார்களோ, தோசை விறைத்துக் கிடந்தது. மத்தியானம் பஃபேயில் ஜேஜே என்று கூட்டம். கணவருக்கு வரிசையில் நிற்பது பிடிக்காது. எதை எடுப்பது என்று தெரியாமல் முழிப்பார். அவருக்குப் பிடித்ததாகப் பார்த்து எடுத்துவந்து வைத்துவிட்டு, எனக்குத் தயிரும் சாதமும் எடுத்துக்கொண்டேன். இரண்டும் குளிர்ந்திருந்தன. தயிர் சாதம் சாப்பிட நான் கடலுக்கு வர வேண்டுமா? இதற்கு நடுவில் பணியாளர் ஒருவர் வந்து, எங்கள் சேவைக்குப் பத்துக்குப் பத்து போடுவீர்களா என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினேன்.

"நீதானே ஜெயின்னு போடச் சொன்னே" என்றார் கணவர், ஐஸ்கிரீமைச் சுரண்டிக்கொண்டே. அது உண்மை என்பதால் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. அஞ்சரைக்கே போய்ச் சாப்பிட்டுவிடேன் என்றும் யோசனை சொன்னார். பிளாஸ்டிக் தாள் சுற்றிய இன்னொரு தட்டைப் பிரிக்க என்னால் முடியாது என்றேன்.

நாலு மணிக்கு, கூடம் காலியாக இருந்தபோது, அதே சூப்பர்வைசரைத் தேடிப் போனேன். சண்டை போடத்தான் போனேன். வாயைத் திறந்தால் வேறு என்னவோ வந்தது.

"எனக்கு விரதம் இல்ல, ஒண்ணும் இல்ல. முப்பது வருஷத்துக்கு மேல எல்லாருக்கும் சுடச்சுடப் போட்டுட்டு ஆறினதைச் சாப்பிட்டிருக்கேன். ஒரே ஒரு வேளை, யாராவது சூடாக் கொண்டுவந்து வெச்சு, நான் உக்காந்து சாப்பிடணும். அதுக்குத்தான் வந்தேன். நாளைக்குக் கார்த்தால இறங்கிடுவேன்."

ஓய்வு பெற்ற டீச்சர், ஒரு பிடி சாதத்துக்காக மூன்றாம் மனிதர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். அவமானமாக இருந்தது. அவர் அடுக்கிக்கொண்டிருந்த கண்ணாடி டம்ளர்களை அப்படியே வைத்தார்.

"எந்தப் பக்கம்மா நீங்க?"

"மயிலாப்பூர்."

"நான் ராயப்பேட்டை. எங்க வீட்லயும் அதே கததாம்மா. எங்கம்மா உக்காந்து துன்னு நான் பாத்ததே இல்ல." கொஞ்சம் யோசித்தார். "எட்டு மணிக்கு வாங்க. ஸ்டாஃப் கிச்சன்ல நம்மூரு ஆள் ஒருத்தர் கீறாரு. சிஸ்டத்துல இன்னா இருந்தா இன்னா, நான் பாத்துக்கறேன்."

எட்டு மணிக்குப் போனோம். ஜன்னலோரமாக எங்களுக்கு ஒரு மேஜை வைத்திருந்தார். அன்று ராத்திரியும் பஃபேதான். அங்கிருந்து கணவருக்கு நூடுல்ஸ் எடுத்துவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் தள்ளுவண்டி ஒன்றை அவரே உருட்டிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் முகத்தில் ஆவி அடித்தது. சாதம், மிளகு ரசம், முறுகலாக வதக்கிய உருளைக்கிழங்கு, அப்பளம். எதிலும் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை. அவர் குனிந்து என் தட்டில் சாதத்தை வைத்தார். நெய் விட்டார். ரசத்தை அடி கலங்காமல் மேலாக எடுத்து ஊற்றினார்.

"சாப்பிடுங்கம்மா" என்றார்.

நான் சாதத்தில் கையை வைத்தேன். சுட்டது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"ரசமா?" என்றார் கணவர், நூடுல்ஸைத் தள்ளி வைத்துவிட்டு. "நம்மாத்து ரசம் மாதிரியே வாசனை வரதே. எனக்கும் கொஞ்சம் போடேன்."

எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. தள்ளுவண்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இடது கையில் கரண்டி இருந்தது.

சூப்பர்வைசர் பதறிப்போய்க் கையை நீட்டினார். "நீங்க உக்காருங்கம்மா. சாருக்கு நான் வைக்கறேன். உங்களுது ஆறிடும்."

நான் கரண்டியைக் கொடுக்கவில்லை.

"இருக்கட்டும்பா" என்றேன். "அவருக்கு எவ்வளவு வேணும்னு எனக்குத்தான் தெரியும்."

அதைச் சொன்னது நான்தான். யாரும் என்னைச் சொல்ல வைக்கவில்லை. சாதத்தை உதிர்த்துப் போட்டேன். அவருக்கு நெய் குறைவாகத்தான் விட வேண்டும், விட்டேன். உருளைக்கிழங்கில் முறுகியதாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தேன். இன்னும் ஒரு கரண்டி ரசம் என்றார், ஊற்றினேன். அப்பளத்தை இரண்டாக உடைத்து, பெரிய பாதியை அவர் பக்கம் வைத்தேன். சூப்பர்வைசர் இரண்டடி பின்னால் தள்ளிப் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு நாளாகக் கப்பல் மேல், படிவத்தின் மேல், அந்தச் சிரித்த பெண்ணின் மேல் வந்த கோபமெல்லாம் திரும்பி என் மேலேயே வந்தது. அப்படியும் மோர் வேண்டுமா என்று கணவரைக் கேட்டேன்.

"ஜோரா இருந்தது. கடைசியில சர்வீஸ் பிரமாதம்" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

நான் உட்கார்ந்து, ஆறிப்போயிருந்த சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டேன்.