ஹாஃப் கிளச்சில் ஒன்றரை கிலோமீட்டர்

ஷெட்டிலிருந்து அந்த வண்டியை நான் முதன்முதலாக வெளியே எடுத்தபோது அங்கே நான்கு பேர் இருந்தோம்: தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியம்மா, வாட்ச்மேன், என் தங்கை, நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் வண்டிக்குச் சொந்தக்காரர், முதலாளியம்மாவின் மகன். அவர் துபாயில் இருந்தார். இன்னொருவர் என் அம்மா. அவள் ஒரு மதில் தள்ளி, அதே ஆபீஸின் பேக்கிங் கொட்டகையில் பண்டல் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா இறந்து பதினோரு வருடமாகிறது, அவரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அம்மாவைக் கூப்பிடத்தான் செய்தேன். "நான் வந்து நின்னா நான் கேட்டு வாங்குன மாதிரி இருக்கும்லா. நீங்களே போங்க" என்றாள். இருபத்திரண்டு வருடமாக அங்கே வேலை செய்கிறாள். எதையும் கேட்டு வாங்கியவள் என்ற பேர் அவளுக்கு இல்லை. நான் பாலிடெக்னிக் சேர்ந்த வருடம், மற்ற பெண்கள் பிள்ளைகளின் பீஸுக்கு முன்பணம் கேட்டு வரிசையில் நின்றபோது, அவள் தன் கம்மலை விற்றாள். இப்போது நான் அதே மாதிரி ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான்.

வண்டி ஊர்வலத்துக்காக. தங்கைக்குக் கார்த்திகையில் கல்யாணம் வைத்திருந்தோம். நிச்சயத்துக்கு வந்த இடத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமா, "எங்க பிள்ளைய திறந்த வண்டியிலதான் கூட்டிட்டு வரணும்" என்றார். விளாத்திகுளத்துக்காரர், குரல் பெரியது. ஜீப் பிடிக்கலாம் என்று அம்மா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான், "ஜீப்பு எதுக்கு மாமா? கூரை மடங்குற ஸ்போர்ட்ஸ் காருலயே கூட்டிட்டு வாரோம். நானே ஓட்டுதேன்" என்று சொல்லிவிட்டேன். முதலாளியம்மா மகனின் அந்த வண்டி உறைபோட்டுச் சும்மா நிற்பதை அம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். யாரிடமும் கேட்காமல் வாக்குக் கொடுத்தது நான்.

முதலாளியம்மாவிடம் நானே போய்க் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "டிரைவர் எவனும் தொட்டா எம் மவனுக்குப் பிடிக்காது. நீ படிச்ச பையன். வண்டிப் பாடந்தானே எடுக்குத. நீ தொடலாம். ஆனா போனபடியே திரும்பி வரணும்."

போனபடியே வரும் என்றேன்.

மஞ்சள் வண்டி. இரண்டு கதவு, இரண்டு இருக்கை. உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி. வாரம் ஒருநாள் வாட்ச்மேன் அதை ஸ்டார்ட் செய்து, காம்பவுண்டுக்குள் முன்னே பின்னே எடுத்து, பேட்டரி இறங்காமல் வைத்திருந்தார். அவர் சாவியைக் கொடுத்தார். நான் ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டு, கிளச்சை விட்டேன். வண்டி ஒரு உதறு உதறி ஆஃப் ஆனது. மறுபடி. மறுபடி.

"வாத்தியாரே, புஸ்தகத்துல ஓடுச்சா?" என்றார் வாட்ச்மேன். தங்கை சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

எங்கள் லேப்பில் ஒரு கிளச்சைப் பாதியாக அறுத்து, சிவப்பும் மஞ்சளும் அடித்து, மேஜைமேல் வைத்திருக்கிறோம். கைப்பிடியைச் சுற்றினால் எல்லாம் தெரியும். தட்டு எப்படி ஒட்டுகிறது, எப்படி விலகுகிறது, ஸ்பிரிங் எங்கே அழுத்துகிறது என்று. அதை வருடத்துக்கு அறுபது பையன்களுக்குச் சுற்றிக் காட்டுகிறேன். ஆனால் என் காலுக்குத் தெரிந்தது டிரைவிங் ஸ்கூல் காரின் கிளச் மட்டும்தான். அதை எப்படி மிதித்தாலும், எப்படி விட்டாலும் பொறுத்துக்கொள்ளும். இது அப்படியில்லை. மிதித்தால் காலைத் திருப்பித் தள்ளியது. பிடிக்கும் இடம் மிக மேலே, ஒரு விரல்கடை அளவுகூட இல்லாத ஓர் இடத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே நடக்காது. அதைத் தாண்டினால் எல்லாமே ஒரேயடியாக நடந்துவிடும்.

பத்து நாள், காலேஜ் விட்டு வந்ததும், எட்டயபுரம் சாலையில் பழகினேன். தங்கை பக்கத்து இருக்கையில் வருவாள். ஐப்பசி மழை பெய்திருந்தது. தார் ரோட்டை விட்டு ஒரு சக்கரம் இறங்கினாலும் கரிசல் மண் விழுங்கிவிடும் என்பதால், வண்டி ஆஃப் ஆனால் ஓரம் கட்டவும் முடியாது. பின்னால் மினிபஸ் ஹாரன் அடிக்க, நடு ரோட்டிலேயே மறுபடி ஸ்டார்ட் செய்வேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்துப் பார்த்தேன். கொஞ்சம் புரிந்தது. பிடிக்கத் தொடங்கும்போது பெடலில் மெல்லிய ஒரு நடுக்கம், உள்ளங்காலில் எறும்பு ஊர்ந்த மாதிரி. அந்த நடுக்கத்தைக் கண்டுபிடித்து அங்கேயே காலை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் முழங்கால் நடுங்கியது.

"தவளை கணக்காத் தாவுதுண்ணே" என்பாள் தங்கை. "இன்னைக்கு ஒம்பது தடவ ஆஃப் ஆயிருக்கு. நேத்து பதினொண்ணு. தேறிட்ட."

ஒருநாள் அவள் சிரிக்கவில்லை. "பேசாம ஜீப்பு சொல்லிருவோம்ணே."

"வாக்குக் குடுத்திருக்கோம்ட்டி. உனக்காவத்தான் இம்புட்டுப் பாடும்."

"எனக்காவன்னு சொல்லாத. உனக்காவத்தான் ஓட்டுத."

கியரை மாற்றினேன். அது மட்டும் அன்றைக்கு அழகாக விழுந்தது.

ஊர்வலத்துக்கு நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். முதல் கியரில் கிளச்சை முழுதாக விட்டால் அந்த வண்டி ஓடுகிற ஆளின் வேகத்தில் போகும். மேளக்காரர்களோ நடக்கவே மாட்டார்கள். ஆகவே, கூட்டம் ஐம்பதடி முன்னே போகும்வரை நியூட்ரலில் நிற்பது, பிறகு கிளச்சை முழுதாக விட்டுப் போய்ச் சேர்ந்துகொள்வது, மறுபடி நிற்பது. பாதி மிதித்தபடி, ஹாஃப் கிளச்சில், ஊரக்கூடாது. ஊர்ந்தால் தட்டு தேய்ந்துகொண்டே, எரிந்துகொண்டே இருக்கும். இதைப் பரீட்சைக் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன்.

பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் ஒன்றரை கிலோமீட்டர். மாலை வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினோம். மாப்பிள்ளை மாலையோடு என் பக்கத்தில். முதல் ஐம்பதடி போய் நான் நிறுத்தியதும் தாய்மாமா ஓடி வந்தார்.

"என்ன தம்பி, நிப்பாட்டிட்டீய?"

"அவிய முன்னால போகட்டும் மாமா. பின்னாலயே வாரேன்."

"ஆகாது. மாப்ள வண்டி கெளம்புன பொறவு மண்டபம் சேருத வரைக்கும் நிக்கப்படாது. அசைஞ்சுக்கிட்டே இருக்கணும். எங்கள்ல அப்படித்தான்."

"வண்டி சூடாயிரும் மாமா."

"சூடானா தண்ணி ஊத்துவோம். நிக்கப்படாது."

சுற்றிலும் அவர்கள் வீட்டு ஆட்கள். நின்றால் சகுனம் கெட்டது என்று என் தங்கைக்கு ஒரு பேர் வரும். தடுமாறி ஆஃப் ஆகிவிட்டால் அதைவிட மோசம். 'போனபடியே திரும்பி வரணும்' என்பது நினைவில் இருந்தது. இருந்தும் கிளச்சைப் பாதி விட்டு, அந்த நடுக்கத்தில் காலை நிறுத்தி, வண்டியை ஊர விட்டேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மெயின் ரோடு முக்கில் மேளக்காரர்கள் நின்று வாசிக்க, பையன்கள் ஆட, நான் ஒரு முழம் ஒரு முழமாக முன்னே போனேன். இன்னொன்றும் அப்போது நடந்தது. பத்து நாளாகப் பிடிபடாத அந்தக் கிளச் என் காலுக்குப் பழகிவிட்டது. தேட வேண்டியிருக்கவில்லை. பெடல் எங்கே பிடிக்கும் என்று பாதத்துக்குத் தானாகத் தெரிந்தது. முழங்கால் நடுக்கம் நின்றது. கால்விரலை லேசாக மடக்கினால் வண்டி ஒரு சாண் நகர்ந்தது, நீட்டினால் தயங்கியது. ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை.

"மச்சான், வெண்ணெ மாதிரில்லா ஓட்டுதீய" என்றார் மாப்பிள்ளை.

அப்போதே வாடை வந்துவிட்டது. கருகிய நகமும் ரப்பரும் சேர்ந்த வாடை. "சரவெடி நாத்தம்" என்று யாரோ மூக்கைப் பொத்தினார்கள். சரவெடி வாடை எது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இது அது இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஓட்டிக்கொண்டே இருந்தேன். அந்தப் பழக்கம் வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இதைத்தான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் வண்டியைத் திருப்பி விடப் போனேன். ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினேன். இன்ஜின் சத்தம் மேலே போனது, வண்டி போகவில்லை. பின்னால் வந்த ஆட்டோ முந்திக்கொண்டு போனது. பாலத்தை ஊர்ந்து தாண்டி, சமதளத்தில் சாதாரணமாக ஓட்டி, ஷெட்டுக்குள் விட்டேன்.

முதலாளியம்மா வாசலில் நின்றார். "ஒண்ணும் ஆகலைல்ல?"

"ஒண்ணும் ஆகலம்மா."

வாட்ச்மேன் உறையைப் போர்த்தினார். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்தேன்.

மார்கழி முழுக்க 'ஒண்ணும் ஆகல' என்ற அந்தச் சொல் என்னோடு வந்தது. லேப்பில் கிளச்சைச் சுற்றிக் காட்டும்போது ஒரு பையன், "சார், பிளேட் எரிஞ்சா வெளிய தெரியுமா?" என்றான். "தெரியாது. மேட்டுல ஏறுனாத் தெரியும்" என்றேன். ஆபீஸ் காம்பவுண்டுக்குள் மேடு கிடையாது. வாட்ச்மேன் வாரந்தோறும் முன்னே பின்னே எடுத்தாலும் அவருக்குத் தெரிய வராது. சம்பளம் வந்ததும் நானே போய்ச் சொல்லி, செலவை ஏற்றுக்கொள்வதாக நினைத்துக்கொண்டேன். சம்பளம் வந்தது. போகவில்லை.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு மகன் வந்தார். வந்த அன்றே வண்டியைப் பாலத்தில் ஏற்றினார். அன்று சாயங்காலம் அம்மா வேலை விட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்தாள்.

"வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிட்டாவ. வண்டியில என்னமோ எரிஞ்சிபோச்சாம். அவருதான் ஓட்டிக் கெடுத்திருப்பாருன்னு சொல்லுதாவ."

நான் சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினேன்.

"ஏலே, நீ ஓட்டுனதுலயா?"

"ஆமாம்மா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

பிராக்டிகல் பரீட்சை நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். புதன்கிழமை அது. அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் பரீட்சை ஹாலிலிருந்து வெளியே வந்தபோது முதலாளியம்மாவின் போன். "ரூவா கெடக்குது, அதை விடு" என்றார். "ஒண்ணும் ஆகலம்மான்னு எம் முகத்தைப் பாத்துச் சொன்னயே. படிச்ச பையன்னுதான நம்புனேன்." வைத்துவிட்டார்.

என்ன நடந்தது என்பதை, திரும்ப வேலைக்கு வந்துவிட்ட வாட்ச்மேன்தான் சொன்னார். சனிக்கிழமை காலையில் கணக்கு முடித்து அனுப்ப அவரை ஆபீஸ் அறைக்கு வரச் சொல்லியிருந்தார்களாம். "உங்கம்மா கையில பசையோட வந்து நின்னாவ. இத்தனை வருசத்துல அந்த ரூமுக்குள்ள அவிய வந்து நான் பாத்ததில்ல. 'வாட்ச்மேன் இல்லம்மா, எம் மவன். அவனே செலவைக் குடுப்பான்'னு சொல்லிட்டு, திரும்பிப் பண்டல் போடப் போயிட்டாவ. அவ்வளவுதான்."

நான் ஒரு கவரை நீட்டினேன். அவர் வேலையில்லாமல் வீட்டில் இருந்த நான்கு நாள் கூலி. வாங்க மாட்டார் என்று நினைத்தேன். வாங்கி எண்ணிப் பார்த்தார்.

"வாத்தியாரே, நான் தப்பு செஞ்சிருந்தா இன்னேரம் வேலை போயிருக்கும். நீரு செஞ்சீரு, ரூவாயைக் கட்டுனா ரசீதோட முடிஞ்சிரும்."

முதலாளியம்மா பணம் வேண்டாம் என்றுதான் கடைசிவரை சொன்னார். அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தங்கைக்குத் தலைப்பொங்கல் சீராக அனுப்பும் படி பாதியாகத்தான் போனது. அவள் போனில், "அந்த எரிஞ்ச பிளேட்டையே படியா அனுப்பியிருக்கலாம்லண்ணே" என்றாள். சிரித்தாள், பிறகு, "அம்மாகிட்டக் குடு" என்றாள். நான் கொடுத்தேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது. அம்மா என்னோடு பேசுவது குறைந்திருந்த நாட்கள் அவை.

வண்டியை மதுரைக்கு வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிளச் செட், தேய்ந்துபோன பிளைவீல், ஏற்றுகூலி, வேலைக்கூலி என்று பில் வந்தது எழுபத்தெட்டாயிரத்து நானூறு. வாட்ச்மேனின் நான்கு நாள் ஆயிரத்து எண்ணூறு. எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது எண்பதாயிரத்து இருநூறு ரூபாய்.