தூபிலிபாளையத்தில் தற்செயலாக

சித்தூர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. வருவாய்த் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் குப்பை கொட்டிய எனக்கு இது வரைபடத்தோடு தெரியும். ஆகவே ஒரு புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு, நாராயணவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் வாடகை வண்டி வந்து நின்றபோது, "சும்மா கடலப் பாத்துட்டு வரலாம்னு" என்று என் தங்கை சரசா எதிர்வீட்டில் சொன்ன பொய்யை ஒருவரும் நம்பவில்லை. கடலைப் பார்க்க யாரும் பட்டுப்புடவை கட்டுவதில்லை.

போனது பெண் பார்க்கும் விஷயமாக. பெண், சரசாவின் மகள் லாவண்யா. நான் தாய்மாமன், முறை தெரிந்தவன் என்ற பெயரும் உண்டு.

எங்கள் ஊர் கல்யாண வெங்கடேசர் கோயிலில்தான் பெருமாளுக்கே திருமணம் நடந்தது என்பார்கள். சுற்றுவட்டாரமே பெண் பார்க்க இங்கே வருகிறது. அதற்கு ஒரு நடைமுறை உண்டு. இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சாமி கும்பிட வந்ததுபோல் கொடிமரத்தருகே எதிர்ப்பட வேண்டும். "அடடே, நீங்களா!" என்று வியக்க வேண்டும். பிடித்திருந்தால் மேலே பேசலாம். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்க வரவே இல்லை. மானம் காக்கும் ஏற்பாடு. சுற்றிலும் கூட்டம் இருப்பதால் பொய்யும் உறுத்தாது.

அப்படிப்பட்ட ஊரை விட்டுவிட்டு, பெண் பார்க்க நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கடற்கரைக்குப் போகிறவர்கள் நாங்கள்தான். காரணம் லாவண்யா. தடா பக்கத்துத் தொழிற்பேட்டையில் செல்போன் பாகங்கள் பூட்டுகிற வேலை, சூளூர்பேட்டையில் விடுதி, வார விடுமுறை புதன். மாப்பிள்ளை வீட்டார் நகரியில் விசைத்தறி வைத்திருப்பவர்கள். அப்போதெல்லாம் வாரத்தில் ஒருநாள் தறிக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். நகரிக்கு அதுவும் புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொன்னவனுக்கு மின்வாரியத்தைத் தெரியாது. "தூபிலிபாளையம் வாங்க, கூட்டமே இருக்காது" என்று போனில் சொல்லிவிட்டாள் லாவண்யா. கோயிலில் பார்த்து மூன்று இடம் தட்டிப்போயிருந்ததால் சரசாவும் ஒப்புக்கொண்டாள்.

வண்டி வாடகை, ஓட்டுநர் படி உட்பட, இரண்டாயிரத்து ஐந்நூறு. ஏழரைக்கு எமகண்டம் தொடங்குவதால் அதற்குள் ஊர் எல்லையைத் தாண்டினோம். எட்டு மணிக்கு ஏர்பேட்டில் தேநீர், ஐந்து ரூபாய், சர்க்கரை மட்டும் பத்து ரூபாய்க்கு இருக்கும். அங்கேதான் சரசா எனக்கு உத்தரவு போட்டாள்.

"அண்ணா, வேல விஷயத்தப் பத்தி நீ வாயத் தொறக்காத. கல்யாணம் ஆவட்டும். அப்பறம் அவங்களே பேசிக்குவாங்க."

மூன்று இடமும் தட்டிப்போனது அந்த ஒரு கேள்வியில்தான். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலையை விடுவாளா? விடமாட்டேன் என்பது லாவண்யாவின் பதில். அதைக் கேட்பதற்கு முன்பே, பெண்ணைப் பேச விட்ட வீடு என்று எழுந்து போனவர்களும் உண்டு.

"மறைச்சு முடிச்சா செல்லாது" என்றேன்.

"இது என்னா பத்திரமா, செல்றதுக்கும் செல்லாததுக்கும்?" என்றாள் சரசா. அவள் கணவர் தேநீரை ஊதினார். முப்பது வருடமாக அவர் கருத்து அதுதான்.

காளஹஸ்தியைத் தாண்டி நாயுடுபேட்டை வந்து சேர்ந்தபோது ஒன்பதேகால். பேருந்து நிலையத்தில் லாவண்யா ஏறிக்கொண்டாள். சாதாரண சுடிதார், கையில் துண்டு. தாய் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"மாமா, நான் அவர்கிட்ட நேராவே கேட்டுடப் போறேன். கோயில்ல நாலு பேரு காத நீட்டிக்கினு நிப்பாங்க. அலைக்குள்ள போயிட்டா யாருக்கும் கேக்காது. அதுக்குத்தான் இந்த எடம்."

தடாவில் செல்போன் மட்டும் செய்வதில்லை என்று தெரிந்துகொண்டேன்.

வாகாடு வரை நெல்லும் கடலைக்காயும். அதற்கப்பால் மண் வெளுத்துக்கொண்டே வந்து சவுக்குத் தோப்பில் முடிந்தது. பத்தரை மணி. தோப்பைக் கடந்ததும் கடல். அதுவரை நான் பார்த்த கடல் மெரினா மட்டும்தான். கடல் என்றால் எனக்கு மனிதத் தலைகளுக்கு மேலே தெரிகிற ஒரு நீலக் கோடு. இங்கே தலைகளே இல்லை. இடமும் வலமும் கண் எட்டுகிற வரை மணல், ஓரமாக நான்கைந்து மீன்பிடிப் படகுகள், வேகவைத்த கடலைக்காய் விற்கிற ஓர் அம்மாள். அலைகள் ஆள் உயரத்துக்கு எழுந்து, ஒரு கணம் கண்ணாடிபோல் நின்று, இடிந்து விழுந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை, வாகாடு, நாயுடுபேட்டைக் குடும்பங்கள் சோறு கட்டிக்கொண்டு வருமாம். அன்று வந்திருந்தது ஒரே ஒரு வாகாட்டுக் குடும்பம். இங்கே குளிப்பது ஆபத்து என்று தெலுங்கில் எழுதிய பலகை ஒன்று இருந்தது. அதன்மேல் அவர்கள் ஈரத் துணிகளைக் காயப் போட்டிருந்தார்கள்.

இனி தற்செயலாகச் சந்திக்க வேண்டும். இங்கேதான் நான் யோசிக்கத் தவறிய சிக்கல். மாப்பிள்ளை வீட்டார் முன்பே வந்து, வடக்கே அரைக் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் எழுந்து நடக்கத் தொடங்கினார்கள். நாங்களும் நடந்தோம். நடுவில் ஒரு செடிகூடக் கிடையாது. வெட்டவெளியில் எதிரெதிரே வருகிற இரண்டு குடும்பங்கள், ஒருவரை ஒருவர் பார்க்காத பாவனையில் ஐந்து நிமிடம் நடப்பது எளிதல்ல. சரசா வானத்தைப் பார்த்தாள். அவள் கணவர் கிளிஞ்சல் பொறுக்கினார். பத்தடி இடைவெளியில் மாப்பிள்ளையின் தாயார் கஸ்தூரியம்மாள் நின்றார்.

"அடடே! நீங்களா! எங்க இவ்ளோ தூரம்?" அந்தக் குரலுக்குப் படகின்மேல் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

"சும்மா... கடலப் பாக்கலாம்னு" என்றாள் சரசா.

துண்டு விரித்துப் படுத்திருந்த வாகாட்டுக்கார அம்மாள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "பெள்ளிச் சூப்புலா?" என்று கேட்டார், மகிழ்ச்சியாக. பெண் பார்க்கவா என்று அர்த்தம். மொழிபெயர்ப்பு அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. என் நடைமுறை அத்தோடு முடிந்தது.

ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தோம். மாப்பிள்ளை முரளி ஒல்லியாக, அமைதியாகத்தான் இருந்தான், வாயைத் திறக்கிற வரை. "வணக்கம் மாமா!" என்றான், அடுத்த ஊரில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோல. அந்தக் குடும்பமே அப்படித்தான். நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு நடுவே இருப்பவர்கள் எதிராளியின் பேச்சைக் காதால் வாங்குவதில்லை. உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். தாங்கள் பேசும்போது மட்டும், தறி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்துப் பேசுவார்கள். அவன் தகப்பனாருக்குக் காது ஏறக்குறைய போயே விட்டது.

சரசா புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்தாள். கஸ்தூரியம்மாள் கையை உயர்த்தினார். "பேச்சு முடியாம துன்னக் கூடாது. அது மொற."

முறை தெரிந்த இன்னொருவரைக் கண்டதில் எனக்கு மகிழ்ச்சி. சரசாவுக்கு இல்லை. மூன்றாவது இடத்தார் சாப்பிடாமலே போனவர்கள்.

"பில்லல்னி நீள்ளலோக்கி பம்பண்டி!" என்றார் வாகாட்டு அம்மாள், பிள்ளைகளைத் தண்ணீருக்கு அனுப்பச் சொல்லி. அங்கே யாரும் தனியாக இறங்குவதில்லை. குடும்பமாகக் கைகோத்து, இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று அலையை வாங்குவார்கள். அவருடைய கணவரும் இரண்டு பெண்களும் அப்படித்தான் நின்றிருந்தார்கள். லாவண்யா எழுந்து போய்க் கடைசிப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். முரளி தன் தாயைப் பார்த்தான். அவர் கடலைப் பார்த்தார். மறுப்பு வராததால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், லாவண்யாவின் இன்னொரு கையைப் பிடித்தான். கடல் அனுமதித்ததைக் கோயிலில் செய்திருந்தால் ஊர் இரண்டுபட்டிருக்கும்.

மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு அலைகள் போயின. லாவண்யா அவன் பக்கம் திரும்பிப் பேசுவது தெரிந்தது. அவள் கணக்குப் போட்டதுபோலவே ஒரு சொல்லும் கரைக்கு வரவில்லை. அவள் கணக்கில் வராதது நகரி.

"என்னா? வேலையா?" என்று கேட்டது முரளியின் குரல். அலையையும் தாண்டித் தெளிவாக, தோப்பு வரைக்கும்.

சரசா என் முழங்கையைப் பிடித்தாள்.

"உடாத! ஏன் உடணும்?"

லாவண்யா ஏதோ சொன்னாள். அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா, நகரியிலேர்ந்து தெனம் போவ முடியாதுதான்!" ஓர் அலை இருவரையும் மூழ்கடித்துவிட்டுப் போனது. தலை வெளியே வந்ததும், "நானா? நான் அங்க வர்றதா?"

கடலைக்காய் விற்கிற அம்மாள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டார்.

"வரலாம்! ஆனா எங்கம்மா ஒத்துக்க மாட்டாங்க!"

நான் கஸ்தூரியம்மாளைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாத நேரங்கள் உண்டு என்பதும் நடைமுறைதான். ஒரே மகன், நான்கு தறி, காது கேட்காத புருஷன். வேலையை விடாத பெண்ணைவிட வீட்டை விடுகிற மகன் பெரிய விஷயம். நான்காவது இடமும் போயிற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன். சரசா தூக்கின் மூடியைத் திரும்பப் போட்டாள்.

கஸ்தூரியம்மாள் எழுந்தார். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் ஓரம்வரை நடந்தார். இடுப்பில் கை வைத்தார்.

"ஏண்டா! ஒத்துக்க மாட்டேன்னு உங்கிட்ட நான் எப்படா சொன்னேன்? என்னக் கேட்டியா நீ?"

கடல் இரண்டு அலைக்குச் சும்மா இருந்ததுபோல் எனக்குத் தோன்றியது.

"கேக்கலம்மா!"

"கேளு!"

"நான் தடாவுக்குப் போவட்டுமா? ஞாயித்துக்கெழம வந்து தறிக்குப் பாவு நூலு மாத்திக் குடுத்துட்டுப் போறேன்!"

கஸ்தூரியம்மாள் தன் கால் விரல்களுக்கு அடியில் மணல் கரைவதைப் பார்த்தார். பிறகு கரைக்குத் திரும்பி வந்து, புருஷனின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

"உம் புள்ள தடாவுக்குப் போறானாம்."

"பாவு மாத்த வருவானா?"

"ஞாயித்துக்கெழம வருவானாம்."

"அப்பறம் என்னா?" என்றார் அவர்.

கஸ்தூரியம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். குரல் முதன்முறையாகத் தாழ்ந்திருந்தது. "பசிக்குது சரசா. அந்தப் புளிச்சோத்த வை."

"அந்தே கதா!" என்று கைதட்டினார் வாகாட்டு அம்மாள். அவ்வளவுதானே! அவருக்கும் ஒரு தட்டு போயிற்று.

அப்போது மணி பன்னிரண்டு அடித்து எட்டு நிமிடம். புதன்கிழமை பன்னிரண்டுக்கு ராகு காலம் தொடங்குகிறது. சம்மதம் சொல்லக் கூடாத வேளை. அலைக்குப் பயந்து எல்லோரும் கடிகாரத்தையும் செல்போனையும் வண்டியில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். என் கையில் மட்டும்தான் கடிகாரம் இருந்தது. சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு, எனக்கும் கொஞ்சம் புளிச்சோறு கேட்டேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். நாயுடுபேட்டையில் லாவண்யா இறங்கி, ஈரத் துண்டோடு சூளூர்பேட்டைப் பேருந்தில் ஏறினாள். மறுநாள் அவளுக்குக் காலை ஷிப்ட். இரவு நாராயணவனம் வந்தபோது கோயில் தெருவில் ஒரு கல்யாண ஊர்வலத்தால் கால் மணி நேரம் வண்டி நகரவில்லை. எங்கள் ஊரில் எல்லாம் கூட்டத்தில்தான் நடக்கும்; யார் என்ன சொன்னார்கள் என்று கடைசிவரை தெரியாது. அந்தக் காலிக் கடற்கரையில் ஒன்றையும் ஒளிக்க முடியவில்லை. எனக்கு அதில் குறையில்லை.

பிற்பாடு மாவட்டங்களைப் பிரித்தபோது, நெல்லூரில் இருந்த அந்தக் கடற்கரையைத் திருப்பதி மாவட்டத்தில் சேர்த்தார்கள். நாராயணவனமும் திருப்பதிக்கு வந்தது. நகரி சித்தூரிலேயே நின்றுவிட்டது. கடல் எங்கேயும் போகவில்லை, கோப்புதான் நகர்ந்தது. இதைச் சம்பந்தியம்மாளுக்குப் போனில் விளக்கினேன். காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் அவரோடு பேச வேண்டும்.

"எம் புள்ள போதாதுன்னு," என்றார் கஸ்தூரியம்மாள், "கடலையும் உங்க பக்கமே இழுத்துக்கினீங்களா?"