அண்ணாவின் இலை

எங்கள் தை முதல் நாள் வங்காளிகளுக்குப் பௌஷ் மாதத்தின் கடைசி நாள். ஒரே நாளை அவர்கள் முடிவு என்கிறார்கள், நாங்கள் தொடக்கம் என்கிறோம். வங்காளத்தில், டாக்குரியா வாடகை வீட்டில் நாங்கள் கொண்டாடிய ஒரு பொங்கலை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு வேறுபாடும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. ஐரோப்பிய யுத்தத்துக்குச் சில ஆண்டுகள் முந்திய பொங்கல் அது.

அதற்கு முந்திய ஐப்பசியில் என் அண்ணா கார்டன் ரீச் துறையிலிருந்து ரங்கூனுக்குக் கப்பலேறினார். கடிதம் இல்லை. கப்பல் புயலில் போய்விட்டது என்றார் துறைமுகத்தில் ஒருவர். கரை சேர்ந்தது என்றார் இன்னொருவர். இரண்டு பேச்சுக்கும் நடுவே மன்னியின் குங்குமம் நின்றது.

பண்டிகை தோறும் அம்மா அண்ணாவுக்கும் இலை போட்டாள். துரை வீட்டு ஏலத்தில் அவர் வாங்கிவந்த வெள்ளை மேசை விரிப்பு ஒன்று இருந்தது. எங்களிடம் மேசை ஏது? நாலாக மடித்து அதன் மேல் உட்கார்ந்துதான் அவர் சாப்பிடுவார். அன்றும் அது விரிக்கப்பட்டது. அதற்கு முன்னால் நுனி இடப்பக்கமாக இலை, வலப்பக்கம் தண்ணீர்.

"டேய், தள்ளி உக்காரு. அது அவன் எடம். வந்தா காதைத் திருகிடுவான்" என்றாள் அம்மா.

இரண்டு இலைகளிலும் சர்க்கரைப் பொங்கல் விழுந்தது. நான் சாப்பிட்டேன். என் பக்கத்தில் ஆவி மட்டும் எழுந்து அடங்கியது. ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். யாரோ அசைந்து உட்கார்ந்ததுபோல் விரிப்பின் நடுவில் ஒரு சுருக்கம் இருந்தது. முதலிலேயே இருந்ததா, தெரியாது.

நான் என் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். அம்மா, பரிமாறிய இடத்திலிருந்தே குனிந்து, அண்ணாவின் இலையைத் தன் பக்கம் இழுத்து மடித்தாள்.

"அம்மா!" என்றாள் மன்னி. "எப்படி மடிச்சேள்?"

"ஏண்டி, என் பக்கந்தானே மடிச்சேன்?"

"உங்க பக்கந்தான். அவர் உக்கார்ற பக்கத்துலேர்ந்து பாருங்கோ."

பார்த்தோம். விருந்தில் உண்டவர் இலையைத் தன்னை நோக்கி மடிப்பார். சாவு வீட்டில்தான் எதிர்ப்பக்கம். எதிரே நின்ற அம்மாவின் கை, அவளை அறியாமலே, தன் பிள்ளைக்குச் சாவு வீட்டு மடிப்பு மடித்திருந்தது. அவள் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

மன்னி சுற்றிவந்து விரிப்பில் உட்கார்ந்தாள். நடுவில் அல்ல, ஓர் ஓரமாக. இலையைப் பிரித்தாள்.

"அவர் சாப்ட்டு எழுந்தா இந்த எலையிலதானே நான் சாப்பிடுவேன்? ரசஞ்சாதம் போடுங்கோ."

அம்மா போட்டாள். மன்னி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, இலையைத் தன் பக்கம் மடித்து, அது மறுபடி திறந்துகொள்ளும் என்று பயந்தவள்போல் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.