மருதம்மாள் அக்கா தூரம் பார்த்த வாரம்

மருதம்மாள் அக்காவின் கண்ணைப் பற்றி என் காதுபட யாரும் குறைவாகப் பேசிவிட முடியாது. எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கமுதிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர், இருபத்திரண்டு வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறார். பனியனை உதறி முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் என்று புரட்டுவதற்குள் ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் அவர் விரலடியில் வந்துவிடும். பக்கத்தில் நின்று பதினோரு வருடமாக நானும் அதே வேலைதான் பார்க்கிறேன். நான் கோட்டை விட்டதை அவர் எத்தனையோ முறை சத்தமில்லாமல் என் பக்கம் தள்ளியிருக்கிறார்.

அந்தக் கண்தான் மார்கழியில் மக்கர் செய்தது. ஒரே வாரத்தில் இரண்டு ஓட்டைத் துணி அவரைத் தாண்டிப் போய்விட்டது. சூப்பர்வைசர் அர்த்தநாரி சார் கெட்டவர் இல்லை. தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார்.

"பொங்கல் லீவு முடிச்சு வாங்க. பத்து பீஸ் தர்றனுங்க. அதுல நாலு டேமேஜ். நாலையும் எடுத்துட்டீங்கன்னா டேபிள் உங்களுது. இல்லீன்னா பேக்கிங்ல உக்காந்துக்குங்க."

பேக்கிங் ஒன்றும் தாழ்ந்த வேலை இல்லை. ஆனாலும் அக்கா அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை.

கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்து, "ஒரு வாரம் துணியைத் தொடாதீங்க, தூரமாப் பாருங்க" என்றார். திருப்பூரில் தூரத்துக்கு எங்கே போவது? எங்கள் காம்பவுண்டில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் முதுகு. கம்பெனியில் டியூப்லைட்டும் துணியும்.

என் வீட்டுக்காரர் மகுடேஸ்வரன் முன்பு மன்னவனூரிலிருந்து ஒட்டன்சத்திரத்துக்கு கேரட் லாரி ஓட்டியவர். கொடைக்கானலுக்கு மேலே ஊருக்கு ஊர் அவருக்குப் பழக்கம் உண்டு. வருடா வருடம் பொங்கல் லீவில் நாங்கள் இருவரும் அங்கே நடந்து சுற்றிவிட்டு, தெரிந்த விவசாயிகள் வீட்டில் தங்கி வருவோம். இந்த வருடம் பொங்கல் பானையை இறக்கிய மறுநாளே அக்காவையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

முதல் நாளே கூத்து. பூம்பாறைக்குப் போகும் வழியில் திடீரென்று எல்லாம் வெள்ளையாகிவிட்டது. அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். அப்படியே நடுப்பாதையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏத்தா யாழினி, போச்சுத்தா. கண்ணு மொத்தமாப் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆவுலீங்கக்கா, மஞ்சு எறங்கியிருக்குது" என்றார் என் வீட்டுக்காரர். "எனக்குந்தான் ஒண்ணுந் தெரியல. மலை எங்கீங்க போயிறப் போவுது? நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

மறுநாள் பார்த்தோம். காலை வெயிலில் எதிர்மலை முழுக்கப் பச்சை. பூண்டுக் காடு ஒரு பச்சை, கேரட் காடு ஒரு பச்சை, சோலை கறுத்த பச்சை. அக்காவின் கை தானாக நீண்டது. துணியில் கோளாறு கண்டால் ஸ்டிக்கர் ஒட்ட நீளும் அதே கை.

"ஷேடு வேரியேஷன்" என்றார், சாயம் சீராகப் பிடிக்காத துணியைச் சொல்வதுபோல. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம சார் பாத்தா மலையை மொத்தமா ரிஜெக்ட் பண்ணிருவாரு."

அடுத்த இரண்டு நாளும் நடை நடை என்று நடந்தோம். கால் விண்விண் என்று தெறித்தது. பத்தடிக்கு ஒருமுறை அக்கா நின்றுவிடுவார். எனக்கோ பொழுது சாய்வதற்குள் அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டும் என்று மனசு பறக்கும். "அந்தா, மூணாவது மலையில செவப்பு ஸ்வெட்டர் போட்டு ஒரு ஆளு போகுது பாரு" என்பார். எனக்குத் தெரியவில்லை. ரோஷத்தில், "தெரியுதுங்கக்கா" என்று பொய் சொன்னேன். அப்போதுதான் என் கண்ணை நினைத்து எனக்கும் முதல்முறையாகப் பயம் வந்தது.

ஐந்தாம் நாள் காலை இவர் எங்களை மலையின் வடக்கு விளிம்புக்குக் கூட்டிப்போனார். ஒரு பாறை. அதற்கு அப்புறம் தரையே இல்லை. எங்கோ பாதாளத்தில் பூமி கிடந்தது. குளங்கள் சில்லறைக் காசுபோல மின்னின. மேகங்களின் நிழல் ஊர்களின்மேல் ஏறி இறங்கிப் போயிற்று. பார்க்கப் பார்க்க முடிவே இல்லை. இத்தனை வருடம் வந்தவள்தான் நான், அன்றைக்கும் இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் எட்டிப் பார்த்தேன்.

"ஆத்தி!" என்றார் அக்கா. "இம்புட்டுப் பெருசா இருந்துச்சா எல்லாம்?" கண்ணாடிக்கு அடியில் கண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை. துடைக்கிற நேரத்துக்குக் காட்சி போய்விடுமே என்று நின்றாரோ என்னவோ.

"கீழ பழனிங்க. அதுக்கு அந்தாண்ட தாராபுரம். இன்னும் வடக்க, அந்தப் பொக போலத் தெரியுது பாருங்க, அங்கதான் நம்மூரு" என்று கைகாட்டினார் இவர்.

அவர் கைகாட்டிய பக்கம் பார்த்த அக்கா மெல்லத் திரும்பினார். "இங்கன இருந்து அந்தப் பக்கம் தெரியுதுன்னா, அங்கன இருந்து இந்தப் பக்கமும் தெரியணும்ல?"

எதையும் பின்பக்கம் புரட்டிப் பார்க்காமல் விடாத கை ஆயிற்றே.

லீவு முடிந்தது. அர்த்தநாரி சார் சொன்னபடியே பத்து பனியனை டேபிளில் வைத்தார். ஐந்தைப் பார்த்து இரண்டை எடுத்து வைத்தார் அக்கா. ஆறாவதை உதறினார், பார்த்தார், மறுபடி பார்த்தார். கண்ணைக் கசக்கினார்.

"ஒரு நிமிசம் சார்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டார்.

அழப் போகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். மொட்டைமாடி எங்களுக்குப் புதிதல்ல. தினமும் அங்கேதான் சாப்பாடு. நிழல் விழும் தெற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து சாப்பிடுவோம். அக்கா அந்தச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் மழையில் வானம் கழுவி விட்டாற்போல இருந்தது. அதன் அடியில், சாயப்பட்டறைக் குழாய்களுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் அப்பால், மெல்லிசாக ஒரு நீலக் கோடு.

"மலை இருக்குத்தா" என்றார். "இருவத்திரெண்டு வருசமா நம்ம முதுகுக்குப் பின்னாடியே நின்னுருக்கு."

தினமும் சாய்ந்து உட்காரும் அந்தச் சுவரை நான் தடவிப் பார்த்தேன்.

கீழே வந்து மிச்சத்தையும் புரட்டினார். இன்னும் இரண்டு. மொத்தம் நாலு. அர்த்தநாரி சார் நாலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"டேபிள் உங்களுதேதானுங்க. நடுவுல எங்கீங்க போனீங்க?"

அக்கா அவரையும் மாடிக்குக் கூட்டிப்போனார். சார் தெற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினார். இங்கே பார்த்தார், அங்கே பார்த்தார். அக்கா காட்டிய விரலின் நேரே பார்த்தார். பதினெட்டு வருடமாக அவரும் எங்களைப் போலத் துணியைப் பார்த்தவர்தான்.

"எனக்கு வெறும் வானந்தானுங்களே தெரியுது" என்றார். குரல் இறங்கிவிட்டது.

அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"பயப்படாதிய சார். மலை எங்க போயிறப் போகுது? நாளைக்குப் பாப்போம்."