தங்கையின் படகில் கைப்பிடி பொருத்திய நாள்

போன வருஷம் பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு, ஆத்தூர் பக்கம் ஒரு குளக்கரையில் நடந்தது இது. அந்தக் குளத்தை என் தங்கை மீன் வளர்ப்பதற்காகக் குத்தகைக்கு எடுத்திருக்கிறாள். நான் திண்டுக்கல்லில் அலுமினிய ஜன்னல், கதவு செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன்.

தங்கைக்கு அதற்கும் முந்தைய வருஷம் வத்தலக்குண்டு ரோட்டில் ஸ்கூட்டர் விபத்து. உயிர் பிழைத்தாள், ஆனால் வலது முட்டி மடங்காமல் போய்விட்டது. அதுவரை பரிசலில் போய் மீன்களுக்குத் தீவனம் போடுவது அவள்தான். பரிசலில் கால் வைத்தாலே சுழலும். மடங்காத காலோடு அதில் ஏறவே முடியாது. ஆள் வைத்துப் பார்த்தாள். வந்தவர்கள் தீவனத்தைக் கரையோரமே கொட்டிவிட்டுப் போனார்கள், மீன் வளரவில்லை. கடைசியில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லி, சின்னதாக ஒரு ஃபைபர் படகு செய்து வாங்கிவிட்டாள்.

அம்மாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. “கரையிலயே தடுமாறுறவ நடுத்தண்ணியில என்ன பண்ணுவா? நீயாச்சும் எடுத்துச் சொல்லு அப்பு” என்று என்னிடம் புலம்பிக்கொண்டே இருந்தார். உண்மையில் எனக்கும் பயம்தான். ஆனால் தங்கை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“அண்ணே, ஏறுற பக்கம் ரெண்டு கைப்பிடி மட்டும் வச்சுக் குடு. மத்தத நான் பாத்துக்கிறேன்.”

ஸ்டீல் கைப்பிடிகள், போல்ட், டிரில் எல்லாவற்றையும் பைக்கில் கட்டிக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். தங்கை தீவனம் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். அம்மா மட்டும் மோட்டார் அறை நிழலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். படகு கரையில் தென்னை மரத் துண்டுகள் மேல் இருந்தது. முகம் பார்க்கலாம் போல அப்படி ஒரு வெள்ளை. தங்கை அதைத் தினமும் துடைத்து வைப்பாளாம்.

ஜன்னல் சட்டங்களில் ஓட்டை போட்டே பழகியவன் நான். இது என்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தேன். ஓட்டை வரவேண்டிய இடத்தில் கூர்மையான ‘பஞ்ச்’ ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன். டிரில் வழுக்காமல் இருக்க அலுமினியத்தில் அப்படித்தான் செய்வோம். தட்டின இடத்தைச் சுற்றி முடி மாதிரி கீறல்கள் ஓடின. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் டிரில்லை வைத்து வழக்கம்போல் அழுத்தினேன். ‘சடக்’ என்று ஒரு சத்தம். அவித்த முட்டையின் ஓடு போல ஒரு வெள்ளைச் சில்லு பெயர்ந்து தெறித்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் நார் தெரிந்தது.

அம்மா எழுந்து வந்து பார்த்தார். “ஆரம்பமே இப்படி ஆகுது. இது போதும். அவளைத் தண்ணியில இறக்க வேணாம்னு நீயே சொல்லிரு.”

ஆசை ஆசையாக வாங்கிய படகு. அவள் வந்து பார்த்தால் என்ன சொல்வது? இதையே சாக்காக வைத்து அம்மா அவளைக் கரையோடு நிறுத்திவிடுவார் என்பதும் தெரிந்தது. படகை லாரியில் ஏற்றிய அன்று பேசிய வகையில் அந்தப் பட்டறையின் நம்பர் என்னிடம் இருந்தது. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று கூப்பிட்டேன்.

எடுத்தது ஒரு பெண். பட்டறைக்காரரின் மனைவி, படகுகளுக்குக் கடைசி மெருகு வேலை முழுவதும் அவர் செய்வதுதானாம். பின்னால் குக்கர் விசில் கேட்டது. நான் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன்.

“பயப்படாதீய அண்ணாச்சி. படகுக்கு ஒண்ணும் ஆகல, மேல்தோல்தான் போயிருக்கு. நான் மொத மொதல்ல போட்ட ஓட்டையில உள்ளங்கை அகலத்துக்குப் பேத்துட்டேன். வீடியோவுல வாங்க, பாப்போம்.”

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பளபளப்பான மேல்தோலுக்கு ஜெல்கோட் என்று பெயராம். கண்ணாடி மாதிரி, அடித்தாலோ அழுத்தினாலோ சில்லு சில்லாகப் போகுமாம். எந்த இடத்தில் ஓட்டை போட வேண்டும் என்று பார்த்துச் சொன்னவர், திடீரென்று கேட்டார்: “ஆமா, இவ்வளவு சின்னப் படகுக்கு எதுக்குக் கைப்பிடி?”

தங்கையின் காலைப் பற்றிச் சொன்னேன்.

“அப்ப அவங்க முழு எடையும் அந்தக் கம்பியிலதான வரும்? அடியில என்ன குடுக்கப் போறிய?”

நான் கொண்டுபோயிருந்த சின்ன வாஷர்களைக் காட்டினேன்.

“ஐயோ, இது ஆகவே ஆகாது. ஒரு இழுப்பு இழுத்தா வாஷரோட சேத்துப் பிச்சிக்கிட்டு வந்துரும். அடியில நீளமா தகடு குடுத்துத்தான் முறுக்கணும்.”

ஜன்னல் கைப்பிடியில் யாரும் தொங்குவதில்லை; அதனால் எனக்கு அது தோன்றவே இல்லை. சில்லு பெயராமல் சுத்தமாக ஓட்டை விழுந்திருந்தால், நான் அந்த வாஷரையே போட்டு முறுக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். என்றாவது நடுக்குளத்தில் தங்கை தனியாக அந்தக் கம்பியைப் பிடித்திருப்பாள்.

நல்லவேளை, பைக் பெட்டியில் கனமான அலுமினியப் பட்டைத் துண்டுகள் கிடந்தன. அவற்றைக் காட்டியதும் சரி என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் செய்தேன். முதலில் குறித்த இடத்தில் டேப் ஒட்டினேன். சன்னமான புது டிரில் பிட்டை மாட்டி, டிரில்லை எதிர்த்திசையில் சுற்றவிட்டு, அழுத்தாமல் சும்மா வைத்தேன். வெள்ளை மாவு மாதிரி பொடி வந்தது. மேல்தோலைத் தாண்டிப் பொடியின் நிறம் மாறிய பிறகுதான் நேராகச் சுற்றவிடச் சொன்னார். டிரில் மறுபக்கம் வெளியே வரும்போது அங்கேயும் பிய்யாமல் இருக்க, அடியில் ஒரு கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம்.

“அம்மா, நீங்க செத்த அந்தக் கட்டையப் பிடிங்களேன்” என்று அவரே போனில் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். “சரி ஆத்தா” என்று குனிந்து இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு பெரிய பிட்டால் ஓட்டையை அகலமாக்கி, விளிம்பை லேசாகச் சரித்துவிட்டேன். டேப்பை உரித்தபோது ஒரு கீறல் இல்லை. அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “சொரசொரப்பே இல்லையே” என்றார். மற்ற ஓட்டைகளுக்கு அவரே கட்டையோடு தயாராக நின்றார். கடைசி போல்ட்டுக்குப் பசை தடவி முறுக்கும்வரை அந்தப் பெண் போனை வைக்கவில்லை.

தங்கை வந்ததும் அவள் கண் நேராகப் பெயர்ந்த இடத்துக்குத்தான் போனது. தொட்டுப் பார்த்தாள்.

“இம்புட்டுதானா? உன் மூஞ்சியப் பாத்துட்டுப் படகு ரெண்டாப் போச்சோன்னுல பயந்தேன்!”

பசை காய்ந்த பிறகு, மறுநாள் காலையில் படகைத் தண்ணீரில் இறக்கினோம். நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். தங்கை இடது காலை உள்ளே வைத்தாள். மடங்காத காலைத் தூக்கும்போது அது விளிம்பில் இடித்தது. படகு சரிந்து விலகியது. அவள் உடம்பு முழுவதும் அந்த இரண்டு கைப்பிடிகளில் தொங்கியது. அம்மா அலறிவிட்டார். நான் தங்கையைப் பிடிக்கத் தாவினேன், ஆனால் என் கண் போல்ட்டுகளின் மேல்தான் இருந்தது. எதுவும் அசையவில்லை. அவளே கைகளை மடக்கி, இழுத்து, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். தண்ணீரில் நின்றபடியே நான் விட்ட பெருமூச்சு கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

அம்மா சேலையை நனைத்துக்கொண்டு இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தீவன வாளியைத் தூக்கி அவளிடம் கொடுத்து, “வெயில் ஏறுறதுக்குள்ள வந்துரு” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் தூத்துக்குடி பஸ்ஸில் ஒரு சின்ன டப்பாவில் அவர் அனுப்பிய வெள்ளை ஜெல்கோட் பசை வந்து சேர்ந்தது. பெயர்ந்த இடத்தில் பூசித் தேய்த்துவிட்டேன். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும்.

அந்தப் பெண்ணை நான் இதுவரை நேரில் பார்க்கவில்லை. அவர் எனக்கு ஓட்டை போடக் கற்றுக்கொடுத்தது பெரிய உதவிதான். ஆனால், கைப்பிடி எதற்கு என்று கேட்டாரே, அதுதான் என் தங்கையைக் காப்பாற்றியது. இப்போது யார் ஜன்னலுக்கு ஆர்டர் கொடுக்க வந்தாலும், அதைத் திறப்பது யார், அதில் சாய்வது யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அளவு டேப்பைக் கையில் எடுக்கிறேன்.